தங்கையை மறைத்து வைத்த நாட்கள்

என் தங்கை பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. எனக்கும் அவளுக்கும் நடுவே அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவள் பிறந்ததும் நைனா கடைத்தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மண்டியின் பின்கட்டில் எங்கள் வீடு.

அவள் அழகான குழந்தை. நல்ல நிறம், சுருட்டை முடி. தூக்கிக்கொண்டு போனால் வழியில் நிறுத்திக் கொஞ்சாதவர்கள் கிடையாது. ஆனால் மூன்று வயது முடிந்தும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோற்றுப் பானைமேல் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். என் கையை அவள் அப்படிப் பிடித்து இழுக்கும்போதெல்லாம், அந்தக் கைக்குப் பின்னால் நான் ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொள்வேன்.

திண்டிவனம் போகிற பஸ் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகும். ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவாள். ரத்தம் வந்தாலும் நிறுத்த மாட்டாள். அந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு ஒரே புகலிடம் மண்டியில் கொட்டிக் கிடக்கும் மல்லாட்டைக் குவியல். ஓடிப்போய் அதற்குள் கழுத்துவரை புதைந்துகொண்டு கண்ணை மூடிக் கிடப்பாள். உடம்பெல்லாம் மண்ணாக இருக்கும். சரக்கு எடுக்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். நைனாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

"உள்ள இட்டுக்கினு போ அத" என்பார் என்னைப் பார்த்து. "அவள" என்று சொல்ல மாட்டார். அப்போதெல்லாம் அவர் அவளைத் தொட்டே நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். விளக்கு வைத்தபிறகு அடுப்படியில் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு கரண்ட் வந்த வருஷம், முதல்முதலாக பல்பு எரிந்த சாயங்காலம், தங்கை அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு கிண்ணம் தயிர்சாதம் முழுக்கச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு பல்பு எரிந்தால்தான் வாயைத் திறப்பாள். பகலில் எதைக் கொடுத்தாலும் துப்பினாள். அம்மா நான்கு மணிக்கே ஜன்னலையெல்லாம் சாத்தி, கோணி தொங்கவிட்டு, பல்பைப் போட்டுப் பார்த்தாள். ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. தங்கை அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் விளக்கு வைத்த பிறகு அம்மா அடுப்படிக்குள் போய் அவளுக்குச் சோறு பிசைந்தாள். நைனாவின் அக்கா, என் அத்தை, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். புருஷனை இழந்தவள், எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அவளைக் கேட்டுத்தான் முடியும். அவள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னா இது? இந்த வீட்ல நடக்கற காரியமா இது?"

"கொழந்தை பசியோட இருக்குது அக்கா."

"எந்தப் பொறப்புல பண்ண வினையோ, இப்புடி வந்து பொறந்துருக்குது. அதுக்கு மேல நீ வேற சேக்கறியா?"

அம்மா அடுத்த வாய் ஊட்டினாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அம்மா மட்டும் தன் விரதத்தை விடவில்லை. மத்தியானம் தங்கையோடு மல்லுக்கு நிற்பதில் சாப்பிட நேரமிருக்காது. சாயங்காலம் அவளுக்கு ஊட்டும்போது தனக்குப் பொழுது தாண்டியிருக்கும். இரண்டு வருஷத்தில் அம்மாவின் ரவிக்கைகளை நான் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

தங்கைக்கு ஐந்து வயது ஆனபோது மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் காட்ட அழைத்துப் போனார்கள். நானும் போனேன், அவளைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. டாக்டர் இளவயதுக்காரர், கோபமில்லாமல் பேசினார். தங்கை அவர் மேஜைக் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவர் அம்மாவிடம் நிறையக் கேட்டார். குழந்தையைக் கொஞ்சுவீர்களா, மடியில் வைத்துக்கொள்வீர்களா, இந்தக் குழந்தை வேண்டும் என்று நினைத்துத்தான் பெற்றீர்களா என்றெல்லாம். அம்மாவுக்குப் பாதி கேள்வி புரியவில்லை. கடைசியில் அவர் நைனாவிடம் சொன்னார்: "சில பிள்ளைகள் இப்படித்தான், தாயின் அரவணைப்பு போதாமல் தங்களுக்குள்ளே போய்விடும். அம்மா இன்னும் அன்பாக இருக்க வேண்டும். கட்டி அணைத்து வளர்க்கச் சொல்லுங்கள்."

திரும்பி வருகிற ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தங்கை நைனாவின் வேட்டி முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நைனா அதை இழுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அம்மா ஆரம்பித்தாள். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு தங்கையை இறுக்கி அணைத்து மடியில் போட்டுக்கொள்வாள். தங்கைக்கு யாரும் கட்டிப்பிடித்தால் ஆகாது. உடம்பு கட்டைபோல விறைத்துவிடும். கத்துவாள், உதைப்பாள், அம்மாவின் தோளைக் கடிப்பாள். அம்மா விட மாட்டாள். "என் கண்ணு, என் ராசாத்தி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். ஒருநாள் தாங்காமல் உள்ளே போய், "வுடும்மா, அவளுக்கு வலிக்குது" என்றேன்.

"எனக்கு இவ மேல ஆசை இல்லன்னு சொல்லிட்டாரு அந்த டாக்டரு" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "இதுக்கு மேல எப்புடி காட்டறது, நீயே சொல்லு."

அம்மா அழவில்லை. தோளில் பல் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்து போனாள். இதை ஆறேழு மாதம் செய்தாள். தங்கை பிறகு அம்மா பக்கத்தில் வந்தாலே ஒதுங்கிப்போக ஆரம்பித்தாள். அப்போதுதான் அம்மா நிறுத்தினாள்.

அந்த வருஷம் என் படிப்பும் நின்றது. பெரியவளாகிவிட்டேன் என்று வெளியே சொன்னார்கள். உண்மையான காரணம் தங்கை. அம்மாவால் ஒற்றை ஆளாக முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அடுத்த தெருப் பெண்ணுக்குக் கொடுத்தபோது, தங்கை மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இவள் செத்துப்போனால் நான் பள்ளிக்கூடம் போகலாம் என்று நினைத்தேன். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பலமுறை.

காலையில் கடைத்தெருவில் வண்டிகள் சேர்வதற்குள் அவளை எங்காவது அழைத்துப் போய்விடுவது என் வேலை. கோட்டைக்குப் போவோம். அப்போது அங்கே கேட்பாரில்லை. மாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும்தான். ராஜகிரி மலையின் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அந்தப் பக்கம், பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, வௌவால் நாற்றம். அங்கே போனால் தங்கை அடங்கிவிடுவாள். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று ராகம் இழுப்பாள். அது நாலு பக்கமும் சுற்றித் திரும்பி வரும். வந்ததும் சிரிப்பாள். வேறெங்கும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெயில் ஏறியதும் நான் வாசலில் நின்று "போலாம்" என்பேன். களஞ்சியமும் "போலாம்" என்று சொல்லும். அவளுக்கு ஆறு வயதும் சில மாதங்களும் இருக்கும்போது, ஒருநாள் நான் சொல்லி எதிரொலியும் சொல்லி அடங்கிய பிறகு, மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. தேய்ந்த, கரகரத்த குரல். "போலாம்."

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வீடுவரை ஓடினேன். அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "இன்னா, இன்னா ஆச்சு?" நான் சொன்னதும் அப்படியே என்னோடு கிளம்பிவிட்டாள். கொளுத்துகிற வெயிலில் மூவரும் திரும்பக் களஞ்சியத்துக்குப் போனோம். அம்மா அந்த இருட்டில் நின்று "போலாம், போலாம் கண்ணு" என்று எவ்வளவு நேரம் சொன்னாளோ தெரியாது. அம்மாவின் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகு அது என் பெயராகிவிட்டது. நான் கிணற்றடியில் இருந்தால் தேடிக்கொண்டு வந்து, "போலாம்" என்பாள். காலையில் எழுந்து நான் பக்கத்தில் இல்லாவிட்டால், "போலாம், போலாம்" என்று குரல் கொடுப்பாள். எங்கும் போவதற்காக அல்ல. என்னைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். அம்மா ஒருநாள் அவளுக்குத் தலை சீவிக்கொண்டே, "என்னையும் ஒரு பேரு வெச்சுக் கூப்டேன்டி" என்றாள். தங்கை சீப்பின் பல்லை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பதினெட்டு நடக்கும்போது அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். வந்தவாசிப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் எல்லோர் மனசிலும் இருந்ததை யாரும் வாயால் சொல்லவில்லை. நான்தான் அத்தையைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அவங்க வரப்போ பாப்பா இங்கயேதான் இருக்குமா அத்தை?"

இதை நான் யாரிடமும் மறைக்க விரும்பவில்லை. அத்தையின் யோசனை என்றுதான் எங்கள் குடும்பத்தில் பிறகு பேச்சு. கேட்டது நான்.

"இருந்தா எவன் ஒன்ன கட்டுவான்?" என்றாள் அத்தை. "ரத்தத்துலயே இருக்குதும்பான். தொண்டூர்ல நம்ம கழனிய பாத்துக்கறவ இருக்காளே, ரெண்டு நாளு அவகிட்ட இருக்கட்டும்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் இடம் மாறினால் இருக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள் என்றாள். நைனா, "பெரியவ வாழ்க்கையையும் பாக்கணுமில்ல?" என்று மட்டும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் கீழே குனிந்துகொண்டேன்.

தங்கை யார் கூப்பிட்டாலும் வண்டியில் ஏற மாட்டாள். அதனால் நான்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மாட்டு வண்டி வாசலில் நின்றது. நான் ஏறி உட்கார்ந்து கையை நீட்டி, "போலாம்" என்றேன். உடனே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். களஞ்சியத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். வண்டி கோட்டைப் பக்கம் திரும்பாமல் வேறு சாலையில் போனதும் எழுந்து நின்று பின்னால் பார்த்தாள். நான் மறுபடியும் "போலாம், போலாம்" என்று சொல்லி உட்காரவைத்தேன். தொண்டூர் போய்ச் சேர்ந்ததும், அவள் வரப்போரத்து ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வண்டியில் ஏறி வந்துவிட்டேன். ஒரு மைல் தூரம்வரை அவள் குரல் கேட்டதுபோல இருந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பெண் பார்த்தார்கள். நான் கேசரித் தட்டோடு வந்தேன், நமஸ்காரம் பண்ணினேன். "கூடப் பொறந்தவங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். "ஒரே பொண்ணு" என்றாள் அத்தை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன மறுநிமிஷம் அம்மா வண்டி கட்டச் சொன்னாள். நானும் போனேன். தொண்டூரில் கழனி பார்க்கிறவள் எங்களைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நானு இன்னாம்மா பண்ணுவேன்? கெணறு தொறந்து கெடக்குது. வுட்டா அந்த ரோட்டப் பாத்துத்தான் ஓடறா. புடிச்சா கடிக்கிறா. வுழுந்து கிழுந்து தொலைச்சா உங்களுக்கு நான் எப்புடி பதில் சொல்லுவேன்?"

தங்கையை மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருந்தாள். அவள் மேல் தப்பில்லை, பயந்துவிட்டாள். கதவைத் திறந்தபோது தங்கை மூலையில் குந்தியிருந்தாள். கதவின் அடிப்பலகை பிறாண்டியிருந்தது. அவள் விரல் நகங்களில் மூன்று பெயர்ந்திருந்தன. தொண்டை கட்டிப்போய் ஒரு காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா அணைக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்து மெதுவாக, "போலாம்" என்றேன்.

அவள் என் குரல் வந்த பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அதன் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வேறு எதையும் சொல்லவில்லை. தொண்டை சரியாகிவிட்டது, கத்தல் வந்தது, 'ம்ம்ம்' ராகம்கூட வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அம்மாவின் புடவையை விடவில்லை. அம்மா இவ்வளவு நாள் கேட்டது அந்த வழியில் கிடைத்தது.

வரன் நிச்சயமாயிற்று. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். தங்கையை எங்கும் விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். "நானும் வரல. எனக்கு காமாலைன்னு சொல்லிடுங்க." நைனா கெஞ்சினார், அத்தை திட்டினாள். அம்மா அசையவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, பூ வைத்து, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டாள். தங்கை அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

"சந்தோசமா போய்ட்டு வா" என்றாள் அம்மா. "எங்கள நெனச்சிக்கினு மொகத்த தூக்கி வெச்சிக்காத."

தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அத்தை நின்றாள். யார் யாரோ அம்மாவின் காமாலையைப் பற்றி விசாரித்தார்கள். என் மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுக்கிறோம் என்றேன். அடுத்த ஆறு மாதமும் அவள் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் உடம்பு தேறுவதாகவும் மறுபடி படுத்துவதாகவும் நானே ஒரு நோயை வளர்த்துக்கொண்டு வந்தேன்.

தலை தீபாவளி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கணவர் தோட்டத்துப் பக்கம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்ல எங்க மேல ஏதாவது வருத்தமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டூர்வரை சொன்னேன். அவர் வேலிக்கம்பு ஒன்றைப் பிடித்து அசைத்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

அவர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியல" என்றார். பிறகு, "அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேணாம்" என்றார்.

அடுத்த வாரம் அவரே என்னை சேத்துப்பட்டு வழியாக பஸ்ஸில் செஞ்சிக்கு அழைத்துப் போனார். மத்தியானம் மண்டி சாத்தியிருந்தது. அந்த நேரத்தில் மண்டி சாத்தி நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் உள்ளே போனால் அம்மா மட்டும் இருந்தாள்.

"நைனா பாப்பாவ கூட்டிக்கினு கோட்டைக்குப் போயிருக்காரு" என்றாள். "தெனமும்தான். நீ போனப்பறம் காலைல எழுந்து வாசல்லயே நின்னுக்கினு இருந்தா. மொத நாளு அவரு திட்டினாரு. ரெண்டாவது நாளு வந்து பக்கத்துல நின்னாரு. மூணாவது நாளு செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டாரு."

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். தங்கை நைனாவின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். அவர் வேட்டி முனை அவள் வாயில் இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் நைனா திகைத்துப்போய் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆனால் விரலை உருவிக்கொள்ளவில்லை. "என் சின்னப் பொண்ணு" என்றார். என் கணவர், "தெரியும் மாமா" என்றார். தங்கை என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது முறை. அம்மாவின் காமாலையைச் சொல்லி அதையும் தட்டிக்கழித்தோம். புகுந்த வீட்டிலேயே பெறுவது என்று முடிவாயிற்று. எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கையில், மழைக்காலத்தில், நைனா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பழமும் பூவும் கொண்டுவந்திருந்தார். மெலிந்திருந்தார். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் எதுவும் பேச முடியவில்லை. அவள் மோர் எடுக்க உள்ளே போன இடைவெளியில், குரலைத் தாழ்த்தி, "பாப்பா எப்புடி இருக்கா நைனா?" என்றேன்.

"தூங்கறா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்பல்லாம் நல்லா தூங்கறா" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் ஒழுங்காகத் தூங்க மாட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். நைனா மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

பையன் பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். செஞ்சிக்குப் போகிற பஸ்ஸில் என் கணவர் குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அப்புறம் சொன்னார். தங்கைக்கு வலிப்பு வந்திருக்கிறது. முதலில் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒருநாள் காலையில் நிற்காமல் வந்து, டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நைனா என்னைப் பார்க்க வந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சொல்லக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவளை ஊரிலிருந்து மறைத்தோம். போனதை என்னிடமிருந்து மறைத்தார்கள். கோபப்பட எனக்கு என்ன உரிமை? பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. குழந்தை திடுக்கிட்டு அழுதான்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இனிமேல் என் மாமியார் வரலாம், யார் வேண்டுமானாலும் வரலாம். அத்தை வந்து, "அதுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை" என்றாள். நைனா எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். அம்மா, "எங்களுக்கு அவ என்னிக்கு ஜெயில் வெச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள். நான் தொண்டூரைப் பற்றிப் பேச இரண்டுமுறை வாயெடுத்தேன். இரண்டுமுறையும், "கொழந்தைக்குப் பால் குடுத்தியா?" என்று கேட்டு எழுந்துவிட்டாள்.

நான்காவது நாள் மத்தியானம், கிணற்றடியில் துணி அலசிவிட்டு உள்ளே வந்தேன். கூடத்தில் அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் கிடத்தியிருந்தாள். குனிந்து தன் முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். பிறகு மெதுவாக இடது பக்கம் நகர்த்தினாள். நிறுத்தினாள். மெதுவாக வலது பக்கம். மறுபடியும் இடது பக்கம். என்ன செய்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. வந்தவாசியில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் கொஞ்ச நாளாகத் தினமும் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீயும் பாத்தியா?"

"தெனமும் பாக்கறேம்மா."

"பாக்கறான். கண்ணு கூடவே வருது."

"ஆமாம்மா."

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவ ஆறு மாசத்துலயே பாக்கல. நான் மொகத்த கொண்டுபோனா அந்தாண்ட திரும்பிப்பா. எனக்கு அப்பவே தெரிஞ்சி போச்சு. உங்க நைனாகிட்டகூட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. வாய தொறந்து சொல்லிட்டா நெசமாயிடும்னு இருந்தேன். நானும்தான்டி மறைச்சேன், உன்ன மாதிரியே. நீ ரெண்டு நாளு. நான் மூணு வருசம்."

இத்தனை வருஷத்தில் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி, மூக்கு வழிய அழுதாள். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை கையைக் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, கண் இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.